பாய் சொல்லும் பத்து நாள்

எத்தனை நாளாகும் என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். கையில் சிமெண்ட் கலவை இருந்தால் அதைச் சட்டி விளிம்பில் வழித்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, பொடி எழுத்தைப் படிக்கிறவர் போல ஒரு நொடி பார்ப்பார். அந்த முகம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நாள் சொல்வார். போடப்போகும் தரைக்கும் அவர் சொல்லும் நாளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது எனக்குப் புரிவதற்குள் எங்கள் புது வீட்டின் கூடத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் வந்து போய்விட்டன.

எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் கட்டாயம் இருந்திருக்கும். நான் போனில் ‘டைல்ஸ் பாய்’ என்று பதிந்து வைத்ததோடு சரி. தருமபுரியிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். முன்னால் ரப்பர் சுத்தியும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் போட்ட சாக்குப்பை இருக்கும், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கட்டிங் மெஷின் இருக்கும். மண்டி போட்டே வேலை செய்வதால் பழைய பைக் சீட்டை வெட்டி முழங்காலுக்கு மெத்தை தைத்துக் கட்டியிருப்பார். தாடியில் எது நரை, எது சிமெண்ட் என்று சொல்ல முடியாது. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும்போதுதான் அவருடைய உண்மையான நிறமே தெரியவரும்.

மற்ற மேஸ்திரிகள் சொன்ன நாளில் வராவிட்டால் போனை அணைத்து வைத்துவிடுவார்கள். நாமும் நாலு திட்டு திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம். பாய் அந்த நிம்மதியைக்கூடக் கொடுக்கமாட்டார். முதல் மணியிலேயே எடுப்பார். வந்துகொண்டே இருக்கிறேன் என்பார். பின்னால் கட்டிங் மெஷின் வீரிட்டுக்கொண்டிருக்கும். யாரோ ஒரு பெண்மணி, இந்த மூலையை எப்போது முடிப்பீர்கள் என்று அவரைக் கேட்பது எனக்குக் கேட்கும். மெஷின் ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் அவர் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு அந்தம்மாவுக்கும் ஒரு நாள் சொல்வார்.

நான் பென்னாகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் மருந்தாளுநர்தான் பாயை எனக்குச் சொன்னது. சொல்லும்போதே மாட்டுக் கதையையும் சேர்த்தே சொன்னார். அதைக் கேட்டுவிட்டும் நான் அந்த ஆளைக் கூப்பிட்டேன் என்றால் யாரை நோவது.

மருந்தாளுநர் நல்லம்பள்ளியில் வீடு கட்டினார். முகூர்த்த நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் கூடம் வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கிறது. மருந்தாளுநரின் அம்மா வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாராம். பாய் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் முடிந்துவிடும் என்றார். சொன்னபடி சாயங்காலம் கூடம் முழுக்க டைல்ஸ் பளபளவென்று இருந்தது. கலவையே கிடையாது. மணலைப் பரப்பி, அதன்மேல் டைல்ஸை வெறுமனே அடுக்கி, இடைவெளியில் வெள்ளைப் பவுடரைத் தூவி, துணியால் துடைத்து வைத்திருக்கிறார். வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்தம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் மஞ்சள் பூசிய மாட்டையும் கன்றையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாடு வாசற்படி தாண்டி ரெண்டாவது டைல்ஸில் கால் வைத்தது. டைல்ஸ் நழுவியது. மாட்டின் முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் ஒரு பக்கமும் போக, அது மிரண்டு திரும்பித் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, பிடித்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியேவிட்டது. கன்று மட்டும் உள்ளேயே நின்று மூத்திரம் பெய்தது. அதையே கணக்கில் வைத்து ஐயர் சடங்கை முடித்துவிட்டார்.

மறுநாள் பாய் வந்து எல்லா டைல்ஸையும் பெயர்த்து அடுக்கிவிட்டு, முதலிலிருந்து கலவை போட ஆரம்பித்தாராம். மருந்தாளுநர் கத்தித் தீர்த்திருக்கிறார். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்னிக்கி சாயங்காலம் உங்கம்மா மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சே, அத நீங்க பாக்கலீங்களா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த ஆளை எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வேலை சுத்தமாக இருக்கும் என்றார் மருந்தாளுநர். அவர்மேல் கோபம் நிற்காது என்றும் சொன்னார். அது உண்மைதான் என்று நான் பின்னால் தெரிந்துகொண்டேன். நிற்காத கோபம் எவ்வளவு பெரிய தொல்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் அவசரம் அப்பாவுக்குத்தான். அப்பா ஒகேனக்கல் வழித்தடத்தில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து நிமிடம் தாமதமென்றால் பத்து நிமிடம் தாமதமென்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அம்மா போனபிறகு என்னோடுதான் இருந்தார். என் கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். நாங்கள் குடியிருந்தது கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, வாடகை. அப்பா வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்தவர். எனக்கு லோன் கிடைத்து ஏரியூர் ரோட்டில் மனையில் கடைக்கால் எடுத்த அன்று, அவர் டிரைவர் சீட்டில் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே அவருடைய இருதயம் பலவீனமாகிவிட்டது. காலில் நீர் கோத்துக்கொண்டது. மாடிப்படி ஏற முடியாமல் போய், ஏறியவர் இறங்கவும் முடியாமல் வராந்தாவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்துதான் அந்தக் காட்சியைப் பார்த்தார். கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. அடுத்து யாரும் குடிவரமாட்டார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். சாக்கடை ஓரமாக ஷாமியானா போட்டு, ரோட்டிலேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்தார்கள். பக்கத்தில் பைக் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. “பாப்பா, என்னய ரோட்டுல போட்டுறாதீங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு எப்போது முடியும் என்று மட்டும் தினமும் கேட்டார். ரெண்டும் ஒரே கேள்விதான் என்பது எனக்குத் தெரியும்.

சுவர் பூசி, கதவு மாட்டி, தரை ஒன்றுதான் பாக்கி என்று ஆனபோதுதான் பாய் வந்தார். என்ன தரை போடுவது என்று பேச்சு எழுந்தது. அப்பாவுக்கு ரெட் ஆக்சைடு ஆசை. என் கணவர் விட்ரிஃபைடு டைல்ஸ் என்றார். எனக்குக் கிரானைட்மேல் ஒரு கண். நம்ம பக்கமே கல் கிடைக்கிறதே என்று நினைத்தேன். அப்பா பாயை மாடிக்கு வரவழைத்து, எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளாகும் என்று கேட்டார். ரெட் ஆக்சைடுக்குப் பாய் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பத்து நாள் என்றார். கிரானைட்டுக்கும் பத்து நாள். மொசைக் போட்டால்? பத்து நாள். டைல்ஸுக்கும் அதே பத்து நாள்.

“ஏன் பாயி, சேலத்துக்கும் பத்து நிமிசம், பெங்களூருக்கும் பத்து நிமிசமா? என்ன வண்டிய்யா ஓட்டற நீ?” என்றார் அப்பா. பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரித்து முடித்து மூச்சு வாங்கியபோது பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையான நாட்களை அவர் வாயிலிருந்து நான் பிடுங்கியது வெகுநாள் கழித்து. ரெட் ஆக்சைடு பார்க்கச் சுலபம், தேய்த்து இழைப்பது ஒரு நாள் வேலைதான். ஆனால் அதன்மேல் தண்ணீர் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது, அதற்குப் பிறகுதான் மெருகே ஏற்ற முடியும். கிரானைட்டில் கல்லைப் பதிப்பதைவிட மெஷின் வைத்துத் தேய்ப்பதுதான் நாளை விழுங்கும், வீடெல்லாம் சேறாகும். மொசைக்குக்கு அதைவிடவும் பொறுமை வேண்டும். ஒரு மாதம் சொல்வதே குறைச்சல். டைல்ஸ் ஒரு அறைக்கு ஒண்ணு ரெண்டு நாளில் பதித்துவிடலாம். ஆனால் முதலில் மட்டம் சரியாக இருக்கவேண்டும், பதித்த பிறகு ஒரு நாளாவது நடக்காமல் விடவேண்டும், அப்புறம் இடைவெளியை அடைக்கவேண்டும், கட்டில் பீரோ போட இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும். காலையில் விரித்து மத்தியானம் நடக்கக்கூடியது என்றால் அது சுருட்டி விற்கிற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றுதான். ஆள் வேலை செய்கிற நாளைவிட ஆள் சும்மா இருக்கவேண்டிய நாள்தான் எந்தத் தரைக்கும் அதிகம். அந்தச் சும்மா இருக்கிற நாளை யாரிடமும் சொல்ல பாய்க்கு மனசு வராது.

டைல்ஸே இருக்கட்டும் என்று முடிவானது. இருப்பதில் அதுதான் சீக்கிரம் என்று என் கணவர் சொன்னார். அப்பா ரெட் ஆக்சைடை விட்டுக்கொடுத்தார்.

குளியலறையும் சமையலறையும் மளமளவென்று முடிந்தன. எனக்கும் நம்பிக்கை வந்தது. அதோடு பாயைக் காணோம். பாலக்கோட்டில் யாருக்கோ மகள் கல்யாணம், வீட்டில் அழுதிருக்கிறார்கள், போய்விட்டார். திரும்பிவந்து கூடத்தில் ஒரு வரிசை பதித்தார். போன் அடித்தது. மறுபடி போனார். மழை பிடித்தது. மணல் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு காரணம், எல்லாமே உண்மையான காரணம். நாலு வீட்டில் நாலு முகத்தைப் பார்த்து நாள் சொல்லிவிட்டு, நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார் மனுஷன்.

வேறு ஆளையும் பார்த்தேன். பென்னாகரத்திலேயே ஒரு மேஸ்திரி வந்தார். கூடத்தில் பாய் பதித்திருந்த அந்த ஒற்றை வரிசையைப் பார்த்தார், குனிந்து விரலால் தட்டினார். ஒருத்தர் மட்டம் பிடித்த தரையில் இன்னொருத்தர் கை வைக்கமாட்டோம், அவரே வந்து எனக்கு வேண்டாமென்று சொன்னால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். பாயிடம் அப்படிச் சொல்லச்சொல்லிக் கேட்டேன். எதுக்குங்க சிஸ்டர், பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றார்.

ஒருநாள் டூட்டி முடிந்த அலுப்பில் அவரை வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டேன். அக்கம்பக்கத்தில் எட்டிப்பார்த்தார்கள். அவர் சாக்குப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க சிஸ்டர் என்றார். மறுநாள் விடிகிறபோது எனக்கு முன்னால் வந்து கேட் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அரை அறைக்கு மட்டம் பிடித்தார். வெள்ளிக்கிழமை தொழப் போனவர் வேறெங்கோ யாரிடமோ மாட்டிக்கொண்டார்.

ஆனாலும் வேலை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பக்கம் வந்தால் மாடி ஏறி அப்பாவைப் பார்க்காமல் போகமாட்டார். அப்பாவும் அவர் வரவுக்குக் காத்திருப்பார். ரெண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு மழை, ரோடு, பிள்ளைகள் என்று பேசுவார்கள். பாய் பேச்சில் வரிக்கு வரி இன்ஷா அல்லா வரும். இந்த வருசம் மழை உண்டு இன்ஷா அல்லா, வருகிற வருசம் பெண்ணுக்குக் கல்யாணம் இன்ஷா அல்லா. அப்பா சும்மா இருக்கமாட்டார்.

“மழைக்குச் சொல்ற, கல்யாணத்துக்குச் சொல்ற. என் தரைக்கு மட்டும் ஏன் பாயி அதச் சொல்ல மாட்டேங்கற?”

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “அது பெரிய வார்த்தைங்கய்யா. நெசமா செய்யப்போறதுக்குத்தான் சொல்லணும்.”

அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் ஓடிவந்து முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுகிறவரும் ஏமாறுகிறவரும் இப்படி ஒன்றாக உட்கார்ந்து சிரித்தால் நடுவில் நிற்கிறவள் என்னதான் செய்வது.

வெயில்காலத்தின் முடிவில் அப்பாவுக்கு மூச்சு முட்டலாகி தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார். நீங்களே நர்ஸ், நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் இப்போதே கூட்டிப்போங்கள் என்றார். எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையை டாக்டர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் அதற்குப் பிறகும் எத்தனை நாள் என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. நானும் கேட்டேன். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எந்த வீட்டுக்கு? மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் திரும்பக் கீழே இறக்கும்போது வீட்டுக்காரர் கேட் பக்கத்தில் நிற்பார். புது வீட்டில் கூடத்தில் ஜல்லி தெரிகிறது, மணல் குவிந்திருக்கிறது. தரையில்லாத வீட்டில் பால் காய்ச்சக்கூடாது என்று அப்பாவே சொல்லியிருந்தார். என் கணவரை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீட்டைப் பார்க்க வந்தேன். கோரைப்பாயையோ தார்ப்பாயையோ விரித்துச் சமாளிக்க முடியுமா என்று பார்க்கத்தான்.

கேட் திறந்திருந்தது. உள்ளே பாய் தனியாகக் கலவை போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரிந்து வந்திருக்கிறார். கூடத்துக்கு நூல் கட்டி, மட்டம் வைத்து, இந்தமுறை முடித்துவிடுவது என்று இறங்கியிருந்தது பார்த்தாலே தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

“அய்யாவுக்கு எப்பிடிங்க இருக்குது? டாக்டரு எவ்ளோ நாளுன்னாருங்க சிஸ்டர்?”

நாள் கணக்கை அவர் என்னிடம் கேட்பது அதுதான் முதல்தடவை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் பயமில்லன்னுட்டாருங்க பாய். நீங்க அவசரப்படாம நிதானமா செய்யுங்க” என்று வந்தது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். கலவையைச் சட்டி விளிம்பில் வழித்தார். சரிங்க சிஸ்டர் என்றார். அதற்குமேல் நானும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன பைத்தியக்காரத்தனம் செய்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன். நான் கொடுத்த ரெண்டு மாதத்தில் அவர் நாலு வீட்டுக்குப் போய்வருவார். போன் செய்து மாற்றிச் சொல்லலாம் என்று எடுத்தால், விரல் பட்டனுக்குப் போகவில்லை.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். “வூடு முடிஞ்சிருச்சுங்க சிஸ்டர். அய்யாவ இன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க.”

எப்படி முடியும் என்று கேட்டேன். முடிஞ்சிருச்சுங்க என்று மட்டும் திரும்பச் சொன்னார். அப்போதுதான் மாட்டுக் கதை நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ரெண்டு மாதம் என்று நான் சொன்னதை அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை. எதிரில் இருப்பவருக்காக நாளை நீட்டிக் குறைக்கிற வேலையை வருடக்கணக்காகச் செய்தவர் அவர். அவரிடமே போய் நான் அதைச் செய்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸில் அப்பா கண்ணை மூடியபடியே, இண்டூர் தாண்டிவிட்டோமா என்று கேட்டார். வண்டி வளையும்போதெல்லாம் அவருடைய வலதுகால் லேசாக அழுத்தியது. அது பிரேக் போடுகிற கால். நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கூடம் முழுக்க டைல்ஸ். இடைவெளியெல்லாம் வெள்ளைப் பவுடர். ஓரமாகக் கிடந்த ஜல்லி, மணல், சட்டி எதையும் காணோம். வாசலில் மாவிலைத் தோரணம்கூடக் கட்டியிருந்தார். பாய் முழங்கால் மெத்தையைக் கழற்றிவிட்டு, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவந்தவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்து, டைல்ஸின் ஓரத்தில் மிதிக்காமல் நடுவில் கால் வைக்கும்படி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டில் முன்பே போட்டிருந்தது. அதன் நாலு காலும் நாலு டைல்ஸின் நட்டநடுவில் இருந்தன.

அப்பா தலையைத் திருப்பி ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை பார்த்தார். “முடிஞ்சிருச்சா பாயி?”

“முடிஞ்சிருச்சுங்கய்யா.”

“லேட்டுதான்” என்றார் அப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா வந்து சேந்துட்டம்.”

சாயங்காலம் பால் காய்ச்சினோம். ரெண்டு ஸ்பூன் குடித்தார். நாங்கள் குறுக்கே நடக்கும்போது சில டைல்ஸ் ‘டக்’ என்று சத்தம் போட்டன. அது என்ன சத்தம் என்று அப்பா கேட்டார். புதுத் தரை செட்டாகிற சத்தம் என்று பாய் சொன்னார். பஸ்கூடப் புதுசில் அப்படித்தான் சத்தம் போடும் என்று அப்பா ஒத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் பாய் வேறெங்கும் போகவில்லை. போன் அடித்தபோதெல்லாம் எடுத்து, வாசலுக்குப் போய், வந்துகொண்டே இருக்கிறேன் என்று யார்யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அடுத்த நாள் காலை, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா போய்விட்டார்.

ரோட்டில் போடவில்லை. அவர் ஆசைப்பட்டபடி சொந்த வீட்டுக் கூடத்தில் கிடத்தினோம். உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து விழுந்து அழுதார்கள். காலுக்குக் கீழே டைல்ஸ் நகர்ந்தது, ஒன்றிரண்டு உடைந்தது. பாய் வாசற்படியில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் மெதுவாக நடக்கச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எழவு வீட்டில் டைல்ஸைப் பற்றிப் பேசுகிறார் பார் என்று பெரியம்மா முறையாகிற ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவருக்காக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அப்போது தெம்பில்லை. அழுகையும் வரவில்லை. யார் யாருக்கு டீ போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போனபிறகு ஒரு காலையில் மொபெட் சத்தம் கேட்டது. பாய் மெத்தையை முழங்காலில் கட்டிக்கொண்டு, உடைந்த டைல்ஸை ஒருபக்கமும் நல்லதை ஒருபக்கமுமாக எடுத்து அடுக்கினார். மணலைக் கூட்டினார். முன்பு பதித்த அந்த ஒற்றை வரிசை போக, கூடம் பழையபடி கான்கிரீட்டானது. கட்டில் இருந்த இடத்தில் மட்டும் மணலில் நாலு குழி பதிந்திருந்தது. அதைக் கூட்டாமல் கடைசிவரை விட்டுவைத்தார்.

ஏதாவது பேசவேண்டுமே என்று, பழக்கதோஷத்தில் கேட்டேன். “இதுக்கு எவ்ளோ நாளாகுங்க பாய்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாகப் பார்ப்பதைவிட ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஒரு மாசமாகுங்க சிஸ்டர்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்ஷா அல்லா” என்றார்.

யாரிடமும் அவர் அத்தனை அதிக நாள் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா போய்விட்டார், இந்த வீட்டில் இனி யாருக்கும் அவசரமில்லை என்பதை அதற்குள் ஊரே வந்து அழுது சொல்லியிருந்தது. அவர் சொல்லித்தான் எனக்கு அது ஏறியது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் வராத அழுகை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது.

பாய் அந்தப் பக்கம் திரும்பி மண்டி போட்டு, கட்டிங் மெஷினை ஓடவிட்டார். வீடு அதிர்கிற சத்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் டைல்ஸ் எதுவும் இல்லை. மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.